கப்பல் ஏறிய கூலியின் பெயர் எந்த ஏட்டில்?

(காரைக்கால்மேட்டில் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் பஞ்சாலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உங்களில் யாரையாவது பார்த்து, "உன் தகப்பன் பெயர் என்ன?" என்று கேட்டால் பட்டென்று சொல்வீர்கள். "பாட்டன் பெயர்?" அதையும் சொல்வீர்கள். "பாட்டனுக்குத் தகப்பன்?" கொஞ்சம் தயங்கி, வீட்டுக் கிழவியின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பீர்கள். "அவனுக்கும் தகப்பன்?" அதோடு சரி. கதவு சாத்திக்கொள்கிறது.

மிராசுதார் வீட்டில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஏழு தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். அவருக்கு ஞாபக சக்தி அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வீட்டுப் பெட்டியில் பாகப் பிரிவினைப் பத்திரம் இருக்கிறது, இனாம் சாசனம் இருக்கிறது, கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. சொத்து இருக்கிற இடத்தில் வம்சாவளியும் இருக்கும். பாகம் பிரிக்க வேண்டுமே!

வலை இழுத்தவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் பாகம் பிரிக்க என்ன இருந்தது? அதனால் அவர்கள் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்தக் காரைக்கால் மண்ணில் பிறந்த ஒரு பெண்ணின் பெயர், புனிதவதி என்ற பெயர், எத்தனையோ நூற்றாண்டாக நிலைத்திருக்கிறது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவும் நடக்கிறது. அம்மையார் பாடினார், அதனால் நிலைத்தார். பாடாத லட்சம் பெண்கள் இருந்தார்களே, அவர்களை எங்கே தேடுவது? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஏழையின் பெயர் ஏட்டில் ஏறவே இல்லை என்று சொன்னால் அது சரியல்ல. ஏறியிருக்கிறது. ஆனால் யாருக்கோ அவனால் காரியம் ஆக வேண்டியிருந்தபோதுதான் ஏறியிருக்கிறது. கடன் வாங்கினான், எழுதினார்கள். வரி கொடுக்க வேண்டும், எழுதினார்கள். ஓடிப் போனான், பிடிக்க வேண்டும் என்று எழுதினார்கள். செத்தான், எழுதினார்கள்.

சுந்தரமூர்த்தி நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார். "உன் பாட்டன் எனக்கு அடிமை, அவன் சந்ததியும் அடிமை என்று எழுதிக் கொடுத்த ஆளோலை இது" என்கிறார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். "நீ கிழித்தது நகல்தான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்கிறார் கிழவர். சபை கூடுகிறது. பாட்டன் எழுதிய வேறு எழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள். சரியாக இருக்கிறது என்று தீர்ப்பாகிறது. பக்தர்கள் அதில் சிவனைப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நாம் அதில் இன்னொன்றையும் பார்க்கிறோம். பாட்டன் பெயரால் ஒரு ஓலை இருந்தால் பேரனைக் கட்டிப் போடலாம் என்பது அந்தக் காலத்து ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மூலத்தை ஒரு இடத்திலும் நகலை இன்னொரு இடத்திலும் வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

அந்த மாதிரி ஓலைகளிலேயே மிகப் பெரிய குவியல் நமது காரைக்கால் துறைமுகத்தைப் பற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் இங்கிலீஷ்காரனிடம் போவதும் வருவதுமாக இருந்து, 1817-ல் மறுபடி பிரெஞ்சுக்காரரிடம் நிலைத்தது. 1848-ல் பிரெஞ்சு சர்க்கார் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை அடைந்த கறுப்பின மக்கள் பழைய எஜமானனுடைய கரும்புக் காட்டில் பழைய மாதிரி வேலை செய்ய மறுத்தார்கள். நியாயந்தானே! கரும்பு முதலாளி என்ன செய்தான்? கூலியை உயர்த்திக் கொடுக்கவில்லை. கடல் கடந்து வேறு ஆளைத் தேடினான். தேடியது எங்கே? நமது காவேரிக் கரையில்.

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை முதன்முதலாக மர்த்தினிக் தீவில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டுபோனது. ரீயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே ஆட்கள் போயிருந்தார்கள். பிரெஞ்சுக்காரரின் துண்டு நிலங்களில் அவ்வளவு ஆட்கள் ஏது? ஆகவே இங்கிலீஷ்காரனிடம் அனுமதி கேட்டார்கள். 1860-ல் ரீயூனியனுக்காகவும் 1861 ஜூலையில் மற்றக் காலனிகளுக்காகவும் இரண்டு வல்லரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தஞ்சாவூர் ஜில்லாப் பண்ணையாளை மேஸ்திரி பிடித்து வருவான். காரைக்கால் டிப்போவில் அடைத்து வைப்பான். இங்கிலீஷ் சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் கப்பல் ஏறும் ஆளைப் பார்ப்பார். இரண்டு சிங்கங்கள் சேர்ந்து ஓர் ஆட்டுக்குப் பாதுகாப்பு எழுதிய கதை!

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? 5 வருஷ வேலை. வாரத்தில் 6 நாளுக்கு மேல் கூடாது. நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் கூடாது. காலம் முடிந்தால் திரும்பிவரக் கப்பல் இலவசம். குவாதலூப்பிலும் மர்த்தினிக்கிலும் ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்கு, பெண்ணுக்கு 10 பிராங்கு. மாதம் என்றால் காலண்டர் மாதம் என்று எண்ணாதீர்கள். 26 நாள் முழுவேலை செய்து முடித்தால்தான் ஒரு மாதம். காய்ச்சலில் படுத்த நாள் கணக்கில் சேராது. ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல!

பெண்கள் கால் பங்காவது இருக்க வேண்டும் என்றும் விதி. ஆகவே மேஸ்திரிக்குப் பெண் ஆளும் வேண்டியிருந்தது. 1876-77-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தில் கைவிடப்பட்டவளையும் விதவையையும் தேடி அவன் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் கண்ணீர் விட்ட பெண்களைப் பற்றி நம் பாரதி பாடினான். குவாதலூப் கரும்புத் தோட்டத்தில் அழுதவளை யார் பாடினார்கள்?

இப்படிக் குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். ரீயூனியனுக்கு இவற்றைவிட அதிகம். 1882-ல் ரீயூனியனுக்கும் 1888-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை இங்கிலீஷ் சர்க்கார் நிறுத்தியது. தொழிலாளர் படும் பாடு தாங்க முடியாததாக இருந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்கள் ஒரு பகுதிதான்.

தோழர்களே, இந்த ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கடிதம் கூட எழுதி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் பெயர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. எப்படி?

கப்பலை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். அதற்கு 'மத்ரிக்கூல்' என்று பெயர். அந்த நம்பருக்கு எதிரே ஒரு ரிஜிஸ்தரில் பெயர், தகப்பன் பெயர், வயசு, வந்த கப்பல், எந்தத் தோட்டத்துக்குப் போனான் என்பதெல்லாம் எழுதினார்கள். பிறகு ஒப்பந்தம் புதுப்பித்தது, ஊர் திரும்பியது அல்லது செத்தது, அதையும் அதே வரியில் குறித்தார்கள். ஒரு மனுஷனுடைய முழு ஆயுளும் ஒரே வரியில்! ஏன் இவ்வளவு கவனமாக எழுதினார்கள்? பாசத்தினால் அல்ல. முதலாளி பணம் போட்டு வாங்கிய உழைப்பு ஐந்து வருஷத்தில் ஒரு நாள் குறையக் கூடாது என்பதற்காக எழுதினார்கள். ஆலை வாசலில் மஸ்டர் ரோல் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே இதுவும் இருந்தது.

இங்கிலீஷ்காரன் இன்னும் ஒரு படி மேலே போனான். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 152,184 பேரைக் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பல் பட்டியலில் ஜில்லா, தாலுகா, கிராமம், ஜாதி, உயரம் எல்லாம் உண்டு. உடம்பில் உள்ள அடையாளம் என்று தனியாக ஒரு கலமும் உண்டு. முழங்காலில் வெட்டுக்காயத் தழும்பு, கன்னத்தில் மச்சம் என்று அதில் எழுதுவார்கள். ஓடிப் போனால் பிடிக்க வேண்டுமே! ஆனால் இன்றைக்குத் தன் கொள்ளுப்பாட்டனைத் தேடும் ஒருவனுக்கு அந்தத் தழும்புதான் போட்டோ. வேறு படம் கிடையாது. போலீசுக்காக எழுதியதைப் பேரன் கண்ணில் நீரோடு படிக்கிறான்.

இந்த ஏடுகளைப் படிக்க ஒரு பக்குவம் வேண்டும். முதலாவது, பெயர். பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்ததோ அதை அவன் தன் எழுத்தில் எழுதினான். முத்துசாமி 'மூத்துஸ்ஸாமி' ஆனான். வீரப்பன், சின்னப்பன் என்பவற்றின் கடைசி 'ன்' அவர்கள் மூக்கில் போய் மாட்டிக்கொண்டு 'விரப்பேன்', 'சினப்பேன்' என்று இன்றைக்கும் ஒலிக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அங்கே போன ஆளின் சொந்தப் பெயரே அவன் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே குவாதலூப்பில் ஒரு குடும்பத்துக்கு 'மூத்துஸ்ஸாமி' என்று பெயர் இருந்தால், கப்பல் இறங்கிய முத்துசாமி என்ற ஒரு மனுஷன் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். அவன் தகப்பன் பெயர் வேண்டுமா? மத்ரிக்கூல் ஏட்டைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, ஊர். ஏட்டில் 'காரைக்கால்' என்று எழுதியிருந்தால் அவன் காரைக்காலில் பிறந்தவன் என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. கப்பல் ஏறிய துறையையே ஊர் என்று எழுதிவிடுவதும் உண்டு. அவன் மாயவரத்துப் பக்கமோ கும்பகோணத்துப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ இருந்து வந்த பண்ணையாளாக இருக்கலாம். பிறந்த ஊரில் ஜாதிக் கொடுமைக்கும் கடனுக்கும் தப்பி ஓடி வந்தவன் உண்மையான ஊரைச் சொல்லத்தான் சொல்வானா? பெயரைக்கூட மாற்றிச் சொல்லியிருப்பான். குமாஸ்தா பொய் எழுதினான் என்று நாம் கோபிப்பது சுலபம். நம் ஆளே பொய் சொல்லியிருக்கலாம், அதற்கு அவனுக்குக் காரணமும் இருந்தது.

இந்தக் காகிதங்களுக்காக ஒரு மனிதர் கிட்டத்தட்ட 20 வருஷம் போராடினார். அவர் பெயர் ஆன்ரி சிதம்பரம். குவாதலூப்பில் கப்பெஸ்தேர் என்ற ஊரில் 1863-ல், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1904-ல் அங்கே இந்தியர்களின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று அதிகாரிகள் கிளம்பினார்கள். 'இவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் அல்ல' என்றார்கள். கரும்பு வெட்டும்போது பிரெஞ்சு, ஓட்டுப் போடும்போது அந்நியனா? சிதம்பரம் நீதிமன்றம் ஏறினார். இந்த மண்ணில் பிறந்தவர்கள் இவர்கள், இதோ பதிவு என்று வாதாடினார். 1923-ல்தான் பிரெஞ்சு சர்க்கார் அந்த உரிமையை ஒப்புக்கொண்டது. கூலிக் கணக்குக்காக எழுதப்பட்ட ஒரு ஜனக்கூட்டம் தன் பிறப்புப் பதிவைக் கையில் எடுத்து ஓட்டுரிமை கேட்டது. பின்னாளில், 1981-ல், அதே தீவின் கம்யூனிஸ்டுகள் எர்னஸ்த் மூத்துஸ்ஸாமி என்பவரைப் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2002 வரை அவர் அங்கே உறுப்பினராக இருந்தார். பெயரைப் பாருங்கள், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நீங்களே சொல்வீர்கள்.

சரி, கப்பல் ஏறியவர்கள் கதை இது. ஏறாமல் இங்கேயே இருந்துவிட்ட நம் முன்னோர் கதி என்ன?

பிரெஞ்சு எல்லைக்குள் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் மேரியில் எழுத வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1880-ல் இதற்காகத் தனியே ஓர் ஆணையும் வந்தது. பிரெஞ்சு சர்க்காரிடம் ஒரு பழக்கம் இருந்தது. 1776-ல் அவர்கள் ராஜா போட்ட கட்டளைப்படி, காலனிகளில் எழுதும் இந்தப் பதிவேடுகளுக்கு ஊரில் இருக்கும் பிரதிகளோடு இன்னொரு பிரதியும் எடுத்துக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே கரையான் தின்றாலும் அங்கே மிச்சம் இருக்கும். திருவெண்ணெய்நல்லூர் மூல ஓலை மாதிரிதான்! அந்தப் பிரதிகள் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் என்ற ஊரில், கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய வருஷங்களின் ஏடுகளைப் படம் பிடித்து இணையத்தில் காசில்லாமல் வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் கைபேசியிலேயே காரைக்கால் ஏட்டைத் திறக்கலாம். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தரகனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

அதில் என்ன இருக்கும்? குழந்தை பிறந்த நாள், பிறந்த நேரம், தகப்பன் தாய் பெயர், வயசு, தொழில், குடியிருக்கும் இடம், வந்து சொன்னவன் பெயர், சாட்சிகள் பெயர். சில பக்கங்களில் சாட்சிகள் தமிழிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பிரெஞ்சு எழுத்துக் காட்டுக்குள் திடீரென்று நம் எழுத்தைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும். மற்றவர்கள் 'கையெழுத்துப் போடத் தெரியாது' என்று குமாஸ்தா எழுதிய வரியோடு நின்றுவிடுவார்கள்.

வாய்க்காலுக்கு அப்புறம் இங்கிலீஷ் எல்லை. அங்கே கிராம முன்சீப் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கில் குழந்தைக்குப் பெயரே இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருப்பது சகஜம். பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடும். ஒரே வரப்பில் இந்தப் பக்கம் பிறந்தவனுக்கு அரைப் பக்கம், அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு அரை வரி.

பிரெஞ்சு ஏட்டையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். அதன் இறப்புப் பதிவில் நாள் உண்டு, மணி உண்டு, பெற்றோர் பெயர் உண்டு. எதனால் செத்தான் என்பது கிடையாது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளிகளைச் சுட்டார்களே! 12 பேர் விழுந்தார்களே! இந்த மாதிரி ஏட்டில் அவர்கள் சாவுக்கும் காய்ச்சலில் போனவன் சாவுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? துப்பாக்கி அந்தக் கலத்தில் நுழையாது. அதைச் சொல்ல வேறு காகிதம் வேண்டும். சங்கத்து நோட்டீஸ், அந்த நாள் பத்திரிகை, பக்கத்தில் நின்றவன் சொன்ன சாட்சியம் ஆகியவைதான் அந்த வேறு காகிதம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்கள் இன்று தெரிகின்றன என்றால், அவற்றைத் தொழிலாளிகள் விடாமல் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததும் ஒரு காரணம்.

விவசாயத் தொழிலாளிக்கு வேறு என்ன காகிதம் உண்டு? சிட்டாவிலும் அடங்கலிலும் அவன் பெயரைத் தேடிப் பிரயோஜனமில்லை. அங்கே நிலம் யாருடையதோ அவன் பெயர்தான் இருக்கும், உழுதவன் பெயர் இருக்காது. ரிஜிஸ்தர் ஆபீசில் கடன் பத்திரம் இருக்கும், அதில் கைநாட்டு இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் 1971-ல் குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. பண்ணையாள் வீட்டில் பாட்டன் பெயரில் முதல் முதலாக வந்த பட்டா அநேகமாக அதுதான். அந்த ஒரு காகிதத்துக்கு முன்னால் எத்தனை ஆயிரம் பேர் அடிபட்டார்கள் என்பதைத் தஞ்சாவூர் ஜில்லா அறியும். அந்தப் பட்டாவைப் பத்திரமாக வையுங்கள். ஆலைத் தொழிலாளிகள் பிராவிடண்ட் பண்டுச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் வாசல் டோக்கனையும் ஆலை மூடியதும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். உங்கள் தகப்பன் எந்த வருஷம் எந்தக் கணக்கில் நின்றான் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

இந்தக் காரைக்கால்மேட்டுக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் தலைக்கட்டு வரி உண்டு. ஒரு வாலிபன் கல்யாணமாகித் தனியே தலைக்கட்டு ஆகும்போது பஞ்சாயத்துக் கணக்கில் அவன் பெயர் ஏறும். செத்தால் இறங்கும். நாட்டாமைக்காரர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அந்தப் பழைய வரி நோட்டு என்ன என்று நினைக்கிறீர்கள்? எந்த சர்க்காரும் கட்டாயப்படுத்தாமல் நாமே எழுதிய குடும்பச் சரித்திரம் அது! குறை என்ன என்றால் அதில் பெண் கிடையாது. மீன் கூடையைத் தலையில் சுமந்து அந்த வரியைக் கட்டிய பணத்தைச் சம்பாதித்தவள் அந்த நோட்டில் ஒரு வரி கூடக் கிடையாது.

2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்தது. ஆளைக் கொண்டுபோனது, வீட்டைக் கொண்டுபோனது, டிரங்குப் பெட்டியையும் கொண்டுபோனது. பெட்டியில் என்ன இருந்தது? ரேஷன் கார்டு, பிறப்புச் சீட்டு, பாட்டன் சைகோனில் இருந்து அனுப்பிய கடிதம், தாத்தா 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போன டிக்கெட்டு. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது "நீ யார், நிரூபி" என்று கேட்டார்கள். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்தவள் முதலில் தான் இன்னார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. காகிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த ஊருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தடவையும் இப்படி நடந்திருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகத் தொடர விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஏறத்தாழ 5,000 பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர்களில் பலர் சொல்தா குடும்பங்கள், உத்தியோகக் குடும்பங்கள். 1881-ஆம் வருஷ ஆணைப்படி ஜாதி வழக்கத்தைத் துறந்து, புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்களின் சந்ததியும் இவர்களில் உண்டு. கடலிலும் வயலிலும் இருந்தவனுக்கு ஆறு மாதக் கெடு இருக்கிறது என்று யார் வந்து சொன்னார்கள்? பாட்டன் எழுதினானா எழுதவில்லையா, பாட்டன் எல்லைக்கு உள்ளே பிறந்தானா வெளியே பிறந்தானா என்று பேரன் இன்றைக்கும் ஏட்டைப் புரட்டுகிறான். அந்தப் பக்கம் ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் இருப்பவர்கள் ஓ.சி.ஐ. அட்டைக்கு மனுப் போட, கப்பல் ஏறிய முன்னோனின் காகிதத்தைத் தேடுகிறார்கள். இரண்டு கரையிலும் ஒரே தேடல்தான். நடுவில் தரகர்கள் கொழுக்கிறார்கள்.

தேடுகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். பழைய ஏட்டில் ஜாதிப் பெயரை எழுதியிருப்பார்கள். காது கூசும் சொல்லாலும் எழுதியிருப்பார்கள். அதைப் படித்து நாம் தலைகுனிய வேண்டியதில்லை, எழுதினவன் குனியட்டும். எல்லோருடைய பாட்டனும் வீரன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தேடிப் போனால் சிலருடைய பாட்டன் ஆள்பிடித்த மேஸ்திரியாக இருப்பான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தேடும் முறை கஷ்டமானதல்ல. உங்களிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள். ராஜாவிடமிருந்தோ ரிஷியிடமிருந்தோ ஆரம்பித்து முன்னோக்கி வராதீர்கள், அது மிராசுதார் வழி. ஒரே ஊரில் பத்து மாரிமுத்து இருப்பார்கள். தகப்பன் பெயர், மனைவி பெயர், தெரு மூன்றும் ஒத்துவராமல் எந்த மாரிமுத்துவையும் உங்கள் பாட்டனாக்கிவிடாதீர்கள். காகிதத்துக்கு முன்னால் கிழவிகளிடம் போங்கள். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள், எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தங்கியது என்பது ஏட்டில் இருக்காது, அவர்களிடம்தான் இருக்கிறது. வருஷம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "ஐம்பத்திரண்டு புயலுக்கு முன்னாலா பின்னாலா? எழுபத்தேழு புயலுக்கு உங்க பெரியவன் கைக்குழந்தையா, நடந்தானா?" என்று கேளுங்கள், கணக்கு அச்சாக வந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வாலிபர்கள் நான்கு பேர் நோட்டோடும் கைபேசியோடும் இதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பழைய சீட்டு, பட்டா, வரி நோட்டு, ஆலை அட்டை, கப்பல் டிக்கெட்டு எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அசலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். யாரிடமும் அசலை விட்டுவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும்கூட. ஒன்றுமே இல்லாதவர்கள் வீட்டுக் கிழவியை அழைத்து வாருங்கள். அவருக்கு நாற்காலி போட்டு வைத்திருப்போம்.